துணை என்றொரு வகை

எங்கள் பஸ் கம்பெனியின் பழைய செயலியை எழுதிய மகராசன் யாரென்று தெரியாது. கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்பவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் பஸ்கள் எங்களுடையவை. யார் எங்கே இறங்குவார் என்பதற்குச் செயலியில் ஒரு ஃபீல்டு உண்டு. டவுன்காரர்கள் அதில் நிறுத்தத்தின் எண்ணைப் போடுவார்கள். தோட்டத்து ஆட்களுக்கு எண்ணாவது ஒன்றாவது? ‘முனீஸ்வரன் கோயில் தாண்டி’ என்று எழுதிவிடுவார்கள். டிரைவரும் அங்கேயே நிறுத்துவார். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சிம்பாங் என்கிற சாலைப் பிரிவில் இறங்கி, செம்பனைக் காட்டு வழியில் தனியாக நடக்க வேண்டிய பெண்களுக்காக வைத்தது. ‘துணை’ என்று அழுத்தி இன்னொரு பயணியின் பெயரைப் போட்டால், அவர் இறங்கும் இடத்திலேயே இவரும் இறங்கலாம்.

ஆக, ஒரே ஃபீல்டில் ஒரு நேரம் எண், ஒரு நேரம் எழுத்து, ஒரு நேரம் ஓர் ஆள். பழைய செயலியை எழுதிய நிரல்மொழி எதைக் கொடுத்தாலும் விழுங்கிக்கொள்ளும். நான் இப்போது மாற்றி எழுதும் மொழி அப்படியல்ல. என்னென்ன வகை வரும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாதது வந்தால் அந்தப் பதிவையே தள்ளிவிடும்.

“நம்பர் மட்டும் வெச்சுக்க லா, சுந்தரி,” என்றார் என் மேலாளர் சத்தியசீலன்.

“தோட்டத்து ஆளுங்க சண்டைக்கு வருவாங்கண்ணே.”

“சரி, எழுத்தும் வெச்சுக்க. அந்தத் துணை எதுக்கு? எல்லாரும் மோட்டர்சைக்கிள் வாங்கிட்டாங்க. யாரு இப்ப அத யூஸ் பண்றா?”

ஒருவன் பண்ணினான். சில்வெஸ்டர். அவன் வீடு செர்டாங் டவுனில். பஸ் வாசலிலேயே நிற்கும். ஆனாலும் துணை என்ற இடத்தில் குணசுந்தரி என்று என் பெயரைப் போட்டு, டவுனுக்கு முன்பே என்னோடு சிம்பாங்கில் இறங்கிவிடுவான். “எனக்குப் பயமா இருக்கு, நீதான் தொணைக்கு வரணும்,” என்பான். என்னை வீட்டு வாசலில் விட்டுவிட்டு, விசிலடித்தபடி தனியாக டவுனுக்கு நடப்பான். பெரிய பயந்தாங்கொள்ளி!

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, “என் பேர அழிச்சிடாத சுந்தரி. வந்ததும் அதே எடத்துலதான் எறங்குவேன்,” என்றான். ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் தினமும் பேசினான். பிறகு ஞாயிறு பூசை முடிந்து பேசினான். கடைசியாக வந்தது தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம்.

எனக்கு அவன் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இன்றும் சிம்பாங்கில் இறங்கியதும், பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் நிற்கிறேன்.

அவன் பதிவு பழைய செயலியில் தூங்கிக்கொண்டிருந்தது, என் பெயரோடு. எண்ணும் எழுத்தும் போதும் என்று விட்டால் முதலில் கழிந்துபோவது அதுதான். என் கையாலேயே அதைச் செய்வதா?

எழுதினேன். இறங்குமிடம் என்றால் எண், அல்லது எழுத்து, அல்லது துணை. துணை என்றால் உள்ளே ஒரு பெயர் கட்டாயம். எந்த வகையை எங்கே மறந்தாலும், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியது. சத்தியசீலன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். சில்வெஸ்டர் ஒரு பிழையும் இல்லாமல் உள்ளே வந்தான். அன்று சோறு கூட ருசித்தது.

புதிய செயலி ஓடத் தொடங்கிய வாரமே, ஒரு மத்தியானம், மீ கோரெங் பொட்டலத்தைப் பிரிக்கும்போது திரையில் அவன் பெயர் வந்தது. பதிவைப் புதுப்பித்திருந்தான். ஊருக்கு வந்துவிட்டான்! இறங்குமிடம்: துணை.

சாப்பாட்டை மூடிவைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திறந்தேன்.

பெயர்: கேதரின்.

அவளும் அன்றுதான் பதிந்திருந்தாள். முகவரி அவனுடைய வீடு. உறவு என்ற இடத்தில் மனைவி. இறங்குவது செர்டாங் டவுனில், அவன் வாசலில்.

நான் எழுதிய நிரல் எதையும் தடுக்கவில்லை. துணை என்று இருக்கிறதா, உள்ளே ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். இரண்டும் இருந்தன. பச்சை விழுந்தது.

சத்தியசீலன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “பாத்தியா, ஒன் மூணாவது வகைக்கும் ஆள் வந்துருச்சு. நல்ல வேள, நீ அத எடுக்கல லா!”

“ஆமாண்ணே,” என்றேன்.

சாயந்திரம் சிம்பாங்கில் நான் மட்டும் இறங்கினேன். பஸ் செர்டாங் பக்கம் போனது. பழக்கதோஷம், ஒரு கணம் நின்றேன்.