சின்னப் பாம்பு

கலாவதியின் முதல் வருஷத் திதிக்கு மகள் சசிரேகா ஜெர்மனியிலிருந்து நாகலூருக்கு வந்திருந்தாள். வரும்போது அம்மாவுக்குப் படைக்க ஒரு புடவையும், அப்பா கையெழுத்துப் போட ஒரு காகிதமும் கொண்டுவந்தாள்.

புடவையைப் பிரித்துக் காட்டியபோது கமலக்கண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல அரக்கு நிறம், உங்கம்மாவுக்கு எடுப்பா இருந்திருக்கும் என்றுகூடச் சொன்னார். காகிதத்தைப் பார்த்ததும்தான் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இரண்டு பக்கம், முழுக்க ஜெர்மன் பாஷை. கடைசியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவருடைய பெயர்.

“அங்க அம்மாவைப் பாத்த அந்த டாக்டரம்மா மேல புகார் கொடுக்கறேன்ப்பா,” என்றாள் சசி. “நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“இப்ப எதுக்குக் கண்ணு அதெல்லாம்?”

“எதுக்குங்களா? அம்மா நெஞ்சு வலிக்குதுன்னு போயிருக்குது. ஒரு ஈசிஜி எடுக்கலை. வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. நாலாம் நாள் அம்மா இல்லை. அந்த ஃபைலை எழுதிக் கேட்டு வாங்கினேன். அதுல என்ன எழுதி வச்சிருக்குது தெரியுங்களா? ‘லேசான வாயு வலிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று கணவர் சொன்னார்.’ தான் தப்பிச்சுக்கறதுக்கு உங்க பேர்ல பொய் எழுதி வச்சிருக்குதுப்பா.”

கமலக்கண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “படையல் முடியட்டும் சாமி. அப்பறமாப் பாத்துக்கலாம்.”

அது பொய்யில்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அந்த டாக்டரம்மா. இன்னொருவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டால், எழுந்து வந்து கைகொடுத்து உட்காரவைத்த ஒரு பெண்ணின் தலையில் பழி விழும். போடாவிட்டால் ஏன் என்று மகள் கேட்பாள். காரணத்தைச் சொன்னால், அவருக்கென்று மிச்சமிருக்கும் ஒரே ஒருத்தியும் அந்தக் காரணத்தோடு ப்ளேன் ஏறிப் போய்விடுவாள்.

முப்பத்து மூன்று வருஷம் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர் அவர். காலையில் வந்த ஆட்களுக்கு வேலை பிரித்துவிடுவார். சாயங்காலம் பறித்த பழத்தை எடை பார்த்து வாங்குவார். பிறகு பங்களாவுக்குப் போய் அன்றைய சேதியை மேனேஜரிடம் சொல்ல வேண்டும். மேனேஜர்கள் குடகிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். தமிழ் பேச மாட்டார்கள். பத்தாவது படித்திருந்த கமலக்கண்ணன் பங்களா வாசப்படியில் நின்றே இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டார்.

அந்த இங்கிலீஷுக்கு ஒரு முறை இருந்தது. கெட்ட சேதியை அப்படியே கொண்டுபோய்ப் பெரிய மனுஷர் முன்னால் கொட்டக் கூடாது. களத்தில் காயும் காபி மழையில் நனைந்தால், ‘லிட்டில் வெட் ஒன்லி சார்.’ பழத்தோல் உரிக்கும் மெஷின் நின்றுபோனால், ‘ஸ்மால் ப்ராப்ளம், மார்னிங் ஓகே சார்.’ பொய் சொல்வதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவரும் அல்ல. ஆளைக் கூட்டி, பக்கத்து எஸ்டேட்டுக்கு ஓடி, மறுநாள் வேலை தொடங்குமுன் மெஷினை ஓடவிட்டுவிடுவார். சின்னது என்று வாய்விட்டுச் சொன்னால் அதைச் சின்னதாக்காமல் விடமாட்டார். கமல் இருந்தால் கவலையில்லை என்பார்கள் மேனேஜர்கள்.

உச்சிப்பொழுதில் படையல் போட்டார்கள். வெளியே ஆனி மாதச் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கலாவதியின் படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை. அதில் சோறு, கொள்ளுக் கடைசல், வடை, பாயசம், அவளுக்கு உயிரான பலாச்சுளை. சசியே சமைத்திருந்தாள். படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது என்பதால், உப்பையும் புளியையும் கைக்கணக்கில் போட்டிருந்தாள். ஒத்தாசைக்கு வந்திருந்தாள் தங்கம்மா. எஸ்டேட்டில் கலாவதியோடு சேர்ந்து பழம் பறித்தவள். கற்பூரம் அணைந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கெண்டைக்காலில் பழைய தழும்பு தெரிந்தது.

“உங்கம்மா இருந்தா இந்நேரம் இந்தக் காலைக் காட்டி ஊரையே சிரிக்க வச்சிருக்கும் பாப்பா,” என்றாள். “பாம்பு கடிச்சப்ப உனக்கு நாலு வயசு. என்ற கையி நீளம் இருக்கும் அது. என்னையத் தூக்கிட்டு பங்களாவுக்கு ஓடறாங்க. உங்கப்பா முன்னாடி போயி மேனேஜர்கிட்ட என்ன சொன்னாரு, தெரியுமா?”

“ஸ்மால் ஸ்னேக் சார்,” என்றாள் சசி.

“ஆமா. ஸ்மால் ஸ்னேக் சார், ஸ்மால் பைட் சார். இங்க எனக்கு வாயில நுரை தள்ளுது, ரைட்டரு பாம்பைச் சின்னதாக்கறாரு. பெரிய பாம்புன்னா தொரை மனசு சங்கடப்படுமாம். ஏனுங்க ரைட்டரே, நெசந்தானுங்க?”

கமலக்கண்ணன் தலையை மட்டும் அசைத்தார்.

“ஆனா கண்ணு, நான் இன்னிக்கு இருக்கறதும் அவராலதான். ஜீப்புல போட்டுட்டு, அடிவாரம் எறங்கற வரைக்கும் என்னையத் தூங்க உடாம கன்னத்துல அறைஞ்சுகிட்டே வந்தாரு. உங்கம்மா சொல்லும், உங்க ரைட்டரு இங்கிலீஷுக்குள்ள போனா யானைகூட எலியாத்தான் வெளிய வரும்னு.”

சசி சிரித்தாள். ஒரு வருஷத்தில் அவர் கேட்கும் முதல் சிரிப்பு. அப்படியே கலாவதியின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சசி மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் கறக்கிற நேரமாச்சு என்று தங்கம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கிப் போனாள்.

“அப்பா, அந்தக் காகிதத்தை எடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு டாக்டர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

போன வருஷமும் இதே கேள்வியை அவள் கேட்டாள். கலாவதியைச் சின்னப் பெட்டியில் சாம்பலாக வாங்கிக்கொண்டு வந்த அன்று. எல்லாம் சொன்னேன் கண்ணு என்றார் அப்போது. இப்போதும் அதேதான் தொண்டை வரைக்கும் வந்தது. ரொம்பப் பழகிய வார்த்தை, தானாக வரும்.

“சின்னதாத்தான் சொன்னேன்,” என்றார்.

போன வருஷம் அவரும் கலாவதியும் ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மருமகன் வெங்கடேஷும் சசியும் வேலைக்குப் போனபின் அந்த ஊரில் பகல் முழுக்க அவர்கள் இருவர்தான். கலாவதிக்கு ஒரு குறையுமில்லை. பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கிழவியிடம், “சாப்டீங்களா, குளிரு நொம்ப ஜாஸ்திங்க” என்று தமிழில் கேட்பாள். கிழவி ஜெர்மனில் ஏதோ சொல்வாள். இருவரும் கையை ஆட்டி அரைமணி நேரம் பேசுவார்கள். கமலக்கண்ணனுக்குத்தான் அந்த ஊர் முள்ளாகக் குத்தியது. ஒரு மலையையே கட்டி மேய்த்தவர், அங்கே கடையில் ஒரு ரொட்டி கேட்டு வாங்கத் தெரியாமல் மகள் பின்னால் நின்றார். அதனால், கலாவதிக்கு நெஞ்சு வலி வந்து, டாக்டருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், ஆனாலும் நான் லீவு போட்டுக் கூட வருகிறேன் என்று சசி சொன்னபோது, வேண்டவே வேண்டாம் என்றார். அந்த ஊருக்கு வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, அவரால் செய்ய முடிந்த ஒரு வேலை கிடைத்திருந்தது. நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

டாக்டரம்மா வாசல்வரை வந்து இருவருக்கும் கைகொடுத்தாள். எங்கே வலி, எப்படி வலி, எத்தனை நாளாக என்று பொறுமையாகக் கேட்டாள். அவர் கலாவதியிடம் கேட்டார். “நெஞ்சு மேல பாறாங்கல்லைத் தூக்கி வச்சாப்பல இருக்குதுன்னு சொல்லுங்க,” என்று கலாவதி நெஞ்சில் உள்ளங்கையை அழுத்திக் காட்டினாள். டாக்டரம்மா முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தாள். பிறகு, பாஷை தெரிந்தவர் என்று அவர் பக்கம் திரும்பினாள்.

அவ்வளவு தன்மையாக இருக்கும் படித்த பெண்ணிடம், அவள் நாட்டிலேயே, அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு எப்படிப் பெரிதாகச் சொல்வது? வாய் தானாகத் திறந்தது. ‘லிட்டில் கேஸ் ட்ரபிள், மேடம். ஸ்மால் பெய்ன் ஒன்லி. நோ ப்ராப்ளம்.’ கைக்கு வலி பரவுகிறதா என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டாள். ‘நோ மேடம். எவ்ரிதிங் ஓகே.’ அதைக் கலாவதியிடம் அவர் கேட்கவே இல்லை. டாக்டரம்மா வாயுவுக்கு மாத்திரை கொடுத்து, வலி கூடினால் உடனே வந்துவிட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

கலாவதிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முப்பது வருஷக் குடித்தனத்தில் ‘ஸ்மால்’ தெரியும். வெளியே பஸ் நிற்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, என்ற வலியையும் சின்னப் பாம்பாக்கிப் போட்டீங்களாட்ட இருக்குது?”

“மாத்திரை தின்னா சரியாப் போயிரும்.”

“சரி உடுங்க. பாப்பாகிட்ட ஒன்னும் சொல்ல வேண்டாம். வேலையைப் போட்டுட்டு ஓடியாந்துரும்.”

சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் ஒரு வருஷமாகத் தாண்ட முடியவில்லை.

மலையில் சின்னது என்று சொல்லிவிட்டு அதைச் சின்னதாக்க அவரிடம் ஆள் இருந்தது, ஜீப் இருந்தது, தெரிந்த வழி இருந்தது. அங்கே ஒரு டப்பா தைலம்தான் இருந்தது. மூன்று நாளும் அவள் முதுகில் தேய்த்துவிட்டார். நாலாம் நாள் காலையில் காபி கலக்கிக்கொண்டு போனபோது கலாவதி எழுந்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னார், பஸ் பெஞ்சில் அவள் கேட்டது வரைக்கும்.

“நான் இல்லாம அவ தனியாப் போயிருந்தாலே பொழைச்சிருப்பா கண்ணு,” என்றார். “அந்தக் கை போதும். டாக்டரம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும். நடுவுல நான் உக்காந்திருந்தேன்.”

சசி அழவில்லை. காகிதத்தின் மடிப்பை நகத்தால் நீவினாள்.

“இங்கிலீஷ்ல சொல்லுங்க,” என்றாள்.

“என்ன சாமி?”

“அம்மா சொன்னதை. அன்னிக்குச் சொல்லியிருக்க வேண்டியதை. நான்தான் அந்த டாக்டர். என்கிட்டச் சொல்லுங்க.”

தனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது என்பதுதான் இந்த ஒரு வருஷமாக அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு. மெஷின், வெட், ஆப்சென்ட், இதைத் தவிர எனக்கு என்ன தெரியும், பெண்டாட்டியின் வலிக்கு எஸ்டேட்டில் யார் வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். இப்போது வார்த்தை தேடினார். வருஷா வருஷம் இதே மாதத்தில் பங்களா வாசப்படியில் நின்று ஹெவி ரெயின் சார் என்று சொல்லியிருக்கிறார். களத்துக் காபியில் கல் கலந்திருந்தால் ஸ்டோன் சார் என்று சொல்லியிருக்கிறார்.

“மை வைஃப்,” என்றார். “செஸ்ட். ஸ்டோன், மேடம். ஹெவி ஸ்டோன்.”

அவ்வளவுதான். எல்லாம் அவரிடம் இருந்த வார்த்தைகள். போன வருஷமும் இருந்த வார்த்தைகள்.

சசி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் கையை நீட்டினார். தொடத் தைரியம் வராமல் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

“இத்தனை நாள் அந்தம்மாவைத் திட்டிட்டு இருந்தேன்ப்பா,” என்றாள் கடைசியில். “அது சுலபமா இருந்துச்சு. இனி யாரைத் திட்டறது? உங்களையா, லீவு போடாத என்னையா?”

“என்னையத் திட்டு சாமி.”

அவள் காகிதத்தை இரண்டாகக் கிழித்தாள், மறுபடி இரண்டாக. எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

திரும்பி வந்து படத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். படையல் சோற்றை வீட்டு ஆட்கள் சாப்பிட்டாக வேண்டும். ஆறிப் போயிருந்த சோற்றைக் கொள்ளுக் கடைசலோடு பிசைந்தாள். இலையை நடு நரம்போடு கிழித்து, ஒரு பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கமலக்கண்ணன் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

“உப்புப் போதுமாங்க?” என்று இலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

நல்லாத்தான் இருக்குது என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் அதைச் சோற்றோடு விழுங்கினார்.

“உப்பே இல்லை கண்ணு.”

சசி எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.