பஹ்கத் சிர்ரிக்கு வாய்த்த பின்னணி இசை

பஹ்கத் சிர்ரி பொய் சொன்னால் பின்னணி இசை கேட்கும் என்பது ஒரு ரமலானில் கெய்ரோவுக்குத் தெரியவந்தது. வெங்காய விலை ஏறியதும் அதே வாரம்தான்; ஜனங்கள் வெங்காயத்தைப் பற்றியே அதிகம் பேசினார்கள்.

நோன்பு மாதம் முழுக்கத் தினமும் ஓடும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைப்பவர் பஹ்கத். அதாவது, வெள்ளைச் சால்வையோடு புகைப்படத்துக்கு நிற்பவர். மெட்டுப் போட்டு, வாத்தியம் பிரித்து எழுதியவள் ஷுப்ரா பேட்டையில் ஐந்தாம் மாடியில் குடியிருந்த ஷாஹிந்தா. "அடுத்ததுல உன் பேரு வரும்மா" என்று வருடாவருடம் சொல்வார். இம்முறை சத்தியமே செய்திருந்தார். முதல் அத்தியாயத்தின் முடிவில் அவருக்குச் சால்வை தேய்த்துக் கொடுத்தவன் பெயர்கூடத் திரையில் ஓடியது. அவள் பெயர் ஓடவில்லை. பெயர் தெரியாதவளுக்கு வேறு யார் படம் தருவார்கள்?

பாத்திரத்துக்கு ஒரு மெட்டு என்பது அவள் வழக்கம். ஆள் வாயைத் திறக்குமுன் மெட்டு அவன் மனசைக் காட்டிக்கொடுத்துவிட வேண்டும். அன்று சோறு இறங்காத ஆத்திரத்தில் பஹ்கத்துக்கும் ஒன்று எழுதினாள். செல்லோக்கள் திருட்டுப்பூனையாக நுழையும், கிளாரினெட் இளிக்கும், வயலின்கள் கூட்டமாகக் குனிந்து சலாம் போடும். எழுதியதை யாரிடமும் கொடுக்காமல் இழுப்பறையில் போட்டு மூடினாள்.

மறுநாள் நிருபர்களுக்கான நோன்பு திறப்பு விருந்தில், "இந்த மெட்டு விடியக்காலையில எங்கம்மா கல்லறைப் பக்கத்துல கிடைச்சது" என்றார் பஹ்கத். செல்லோக்கள் நுழைந்தன. நிருபர்கள் அவரவர் கைபேசியைத் தடவிப் பார்த்தார்கள். கடைசி மேசையில் ஷாஹிந்தா பேரீச்சம்பழத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

அதன்பின் அவருக்கு அவள் எழுதவில்லை. கல்யாண வீடுகளில் வாசித்துப் பிழைத்தாள். "ஸ்டுடியோவுலதான் இருந்தேன்" என்று பஹ்கத் வீட்டில் சொன்னபோது கிளாரினெட் இளித்ததால் அவர் மனைவி இஸ்மாயிலியாவில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். காபிக்கடையில், "உஸ்தாத், ஒரு பொய் சொல்லுங்க, கேட்டு நாளாச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பஹ்கத் பேச்சையே நிறுத்தினார். உடனே அவர் மௌன ஞானியாகிவிட்டார். அந்த மௌனத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் இரண்டு பாகம் எழுதினார். பழைய மெட்டுகளையே திருப்பிப் போட்டு ஒப்பேற்றியவருக்கு முன்னைவிட வேலை குவிந்தது. கடைசியில் வாழ்நாள் விருதும் கொடுத்தார்கள்.

மேடையில் நன்றி சொல்லாமல் தப்ப முடியவில்லை. "என்னோட இசை" என்று தொடங்கினார். முழு வாத்தியக் குழுவின் முழக்கமும் எழுந்தது. ஏற்பாடாக்கும் என்று சபை கைதட்டியது. மறுபடி தொடங்கினார், மறுபடி எழுந்தது. வியர்வையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு, "அத்தனையும் ஷாஹிந்தா போட்டது. ஷுப்ரா ஷாஹிந்தா" என்றார். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த நிசப்தத்தில் சபைக்கு எல்லாம் புரிந்தது.

அடுத்த ரமலானில் அவள் பெயர் திரையில் தனியாக நின்றது. அந்த வாரமே பஹ்கத் மூச்சு வாங்க ஐந்து மாடி ஏறிவந்தார்.

"சொல்லிட்டேனே, இனி நிறுத்தும்மா. நீ எனக்கு மக மாதிரி."

செல்லோக்கள் நுழைந்தன. ஷாஹிந்தா தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டாள்.

"வயலின் கொஞ்சம் மெலிவா இருக்கு, உஸ்தாத். உக்காருங்க, சரி பண்ணிடறேன்."

பென்சிலைச் சீவிக்கொண்டு திருத்தினாள். மறுநாளிலிருந்து மெட்டு கனமாக ஒலித்தது. இப்போதெல்லாம், "அடுத்த கடையில இதைவிட மலிவு" என்று பஹ்கத் ஆரம்பித்ததும் தக்காளிக்காரர் தன் ரேடியோவை அணைத்துவிடுகிறார். முழுதாகக் கேட்டு முடித்தபின் முதலில் சொன்ன விலையையே சொல்கிறார்.