மோர் முதலில்

1935ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி, ஆற்றங்கரையில் இருந்த எங்கள் உறைவிடப் பல்கலைக்கழகத்தின் கிழக்கு விடுதியில் மோர் முதலில் பரிமாறப்பட்டது. அடுத்து ரசம், கடைசியில் சாம்பார் என்பது வார்டன் வைத்தீசுவரனின் உத்தரவு.

மோர் சாதம் முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் எழுந்து கை கழுவினோம். ரசமும் சாம்பாரும் காலி இலைகளுக்குப் பரிமாறப்பட்டன. தினமும் இப்படியே நடந்தது. எங்கள் வேட்டிகள் இடுப்பில் நிற்க மறுத்தன.

என் அறைத் தோழன் சபாநடேசன் உண்ணாவிரதம் அறிவித்தான். எல்லோரும் கலந்துகொண்டோம். வித்தியாசம் தெரியவில்லை.

வார்டன் அவனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார். வெளிவாசலைத் தாண்டியதும் நீக்கம் அமலுக்கு வரும். மார்ச்சில் பி.ஏ. பரீட்சை. தாண்டினால் எழுத முடியாது.

அவனுடைய டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். வார்டனும் உடன் வந்தார். தாழ்வாரத்தில் வெகுநேரம் நடந்தோம். வாசல் அதே தூரத்தில் இருந்தது.

"வேகமா நடடா," என்றார் வார்டன்.

"ஓடிட்டிருக்கேன் சார்," என்றான் சபாநடேசன்.

"அப்புறம் ஏன் வாசல் வரலை?"

"அதுக்கும் பசி மயக்கமா இருக்கும் சார்."

பிப்ரவரியில் தாழ்வாரத்துக்குள் மாமரங்கள் பூத்தன. சரித்திரப் பேராசிரியர் சைக்கிளில் கூடவே வந்து பாடம் நடத்தினார். பரிமாறும் கோதண்டம் வாளியோடு ஓடிவந்து வார்டனுக்கு மோர் சாதம் போட்டார். வார்டன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

"சாம்பார் எங்கய்யா?"

"கை கழுவிட்டீங்களே சார்."

"மறந்துபோய்க் கழுவிட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வார்டன் சபாநடேசன் பக்கம் திரும்பினார். அவருடைய கோட்டுக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

"ஒரு உத்தரவை வாபஸ் வாங்கறேன். ஒண்ணுதான். உன்னை நீக்கினதா, மோரா?"

"மோர் சார்."

"டேய், பரீட்சைடா!" என்றேன்.

"பசிக்குதுடா."

அன்று சாம்பார் முதலில் வந்தது. முருங்கைக்காய் சாம்பார். கோதண்டத்தையும் சேர்த்து நான்கு பேரும் நடந்துகொண்டே சாப்பிட்டோம். வார்டன் விடுதிக்குத் திரும்பி நடந்து பார்த்தார். அதுவும் அதே தூரத்தில் இருந்தது.

மார்ச்சிலும் வாசல் வரவில்லை. எனவே நீக்கம் அமலுக்கு வரவில்லை. வினாத்தாள்களைத் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்தார்கள். தாழ்வாரத்தில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

"நான் வார்டன்," என்றார் வைத்தீசுவரன்.

"பேசாம எழுதுங்க," என்றார் பரீட்சைக் கண்காணிப்பாளர்.

சபாநடேசன் இரண்டாம் வகுப்பில் தேறினான். வார்டனைச் செப்டம்பரில் மறுபடி எழுதச் சொன்னார்கள்.