அழிக்கும் விசை

திங்கள்

இன்றும் பூவிழியின் திரை சுத்தமாக இருந்தது. என் திரை குப்பை.

வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் விளங்கும். மலைமேல் ஜமுனாமரத்தூரில், மாலைக் கணினி வகுப்பில் உட்கார்ந்தபடி நாங்கள் இருவரும் திருப்பத்தூரில் உள்ள ஒரு மருந்து மொத்தக் கடையின் பழைய கணினிக்குள் நுழைகிறோம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மௌஸ் அங்கே வேலைக்கு ஆகாது. மருந்தின் பெயர், பெட்டி எண், காலாவதி மாதம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். தப்பாகத் தட்டிவிட்டு பேக்ஸ்பேஸை அழுத்தினால் எனக்கு எழுத்து அழிவதில்லை. அதன் பக்கத்தில் ஒரு தொப்பிக் குறியும் (^) ஒரு கேள்விக்குறியும் வந்து நிற்கின்றன. மறுபடி அழுத்தினால் இன்னொரு தொப்பி, இன்னொரு கேள்வி. அந்தப் பதிவையே கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை தேர்வு. இங்கிருந்தபடியே பதிவு வேலை பார்க்க மருந்துக் கடைக்கு ஒரே ஓர் ஆள் போதும். அது நானாக இல்லாவிட்டால் சாமை அறுப்பு முடிந்ததும் திருப்பூர் மில் விடுதிக்குப் போக வேண்டியதுதான். அப்பா பேசி முடித்துவிட்டார். பூவிழிக்கு அந்தக் கவலை இல்லை. அவள் அப்பா போளூரிலிருந்து வந்து இங்கே கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வேலை கிடைக்காவிட்டாலும் அவள் ஆணி எடை போட்டுக்கொண்டு மலையிலேயே இருக்கலாம்.

வகுப்பு எடுக்கும் சந்திரன் சாரிடம் தொப்பிகளைக் காட்டினேன். அவர் தன் லேப்டாப்பில் பார்த்தார். அதில் ஒழுங்காக அழிந்தது. பூவிழியும் ஒன்றும் சொல்லவில்லையே, நீதான் விசையை முரட்டுத்தனமாக அழுத்துகிறாய் போலிருக்கிறது என்றார். மெதுவாக அழுத்திப் பார்த்தேன். தொப்பி மெதுவாக வந்தது.

செவ்வாய்

கோளாறு கீபோர்டில் இருக்கலாம் என்று நினைத்தேன். வகுப்புக்கு முன்னதாகவே போய், என் கீபோர்டைக் கழற்றி பூவிழியின் கணினியில் மாட்டினேன். அவளுடையதை எனக்கு எடுத்துக்கொண்டேன்.

பூவிழி வந்து உட்கார்ந்து விரல்களை வைத்தவுடனே திரும்பிப் பார்த்தாள். அவளுடையதில் ஆங்கில ‘என்’ எழுத்து தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அது எனக்கு மறந்துவிட்டது.

“ஏண்டி தேவா, என் கீபோர்டு உங்கிட்ட இன்னா பண்ணுது?”

“தூசி தட்டனேன். மாறிப் போச்சு போல.”

“தூசி தட்டவா ரெண்டையும் கழட்டுன? அப்ப எங்க கடைக்கு வாயேன். பூட்டு, தராசு எல்லாம் தூசியா கெடக்குது.”

அவள் சொன்னதைக் கேட்டு சாரும் சிரித்தார். இதில் எனக்குக் கிடைத்த தகவல் ஒன்றுதான்: அவள் கீபோர்டிலும் எனக்குத் தொப்பிதான் வந்தது. நோட்பேடில் தட்டிப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும். அதில் பேக்ஸ்பேஸ் ஒழுங்காக அழிக்கிறது. இவ்வளவு எளிய சோதனை எனக்கு ஏன் கடைசியில்தான் தோன்றுகிறது?

புதன்

அப்படியானால் கோளாறு, திருப்பத்தூருக்கு இணைக்கும் மென்பொருளின் அமைப்புகளில் இருக்க வேண்டும். சந்தேகம் கேட்பதுபோல பூவிழியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் கணினியில் அமைப்புகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, என்னுடையதோடு ஒப்பிட்டேன். ஒரு வரிக்கு எத்தனை எழுத்து, எந்த எழுத்துக் குறியீடு, என்ன வகை டெர்மினல், விசைப்பலகை எப்படி, என்ன நிறம். ஒன்றுகூட மாறவில்லை. எல்லாம் மென்பொருளை நிறுவியபோது இருந்தபடியே இருந்தன.

அவள் பொறுமையாகத் திறந்து காட்டினாள். அந்தப் பொறுமைகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயிக்கப் போகிறவர்களுக்குத்தான் அப்படிப் பொறுமை வரும்.

நல்ல கணினியும் கெட்ட கணினியும் ஒரே மாதிரி இருந்தால், கெட்டது கணினி அல்ல. நான்தான்.

வியாழன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பாதி வகுப்பில் பூவிழியை அவள் அப்பா போனில் கூப்பிட்டார். கடையில் சரக்கு இறங்கியிருக்கிறதாம். இந்த ஒரு பெட்டியை மட்டும் முடித்துவிடு, போய்ட்டு வர்றேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அமாக்ஸிசிலின் தட்டும்போது ‘எல்’ ஒன்று கூடுதலாக விழுந்தது. பேக்ஸ்பேஸை அழுத்தினேன்.

தொப்பி. கேள்விக்குறி.

முதலில் நெஞ்சு குளிர்ந்தது. அவளுக்கும் இதே கோளாறு. கெட்டது நான் அல்ல. அந்த நிம்மதி, மலைப்பாதையில் இரண்டு வளைவு தாண்டும் நேரம்கூட நிற்கவில்லை. இத்தனை நாளாக அவள் திரையில் ஒரு தொப்பியைக்கூட நான் பார்த்ததில்லை. அவள் அந்த விசையை ஒருமுறைகூட அழுத்தவில்லை. அழுத்தத் தேவை வரவில்லை.

திரும்பி வந்ததும், பேக்ஸ்பேஸை அழுத்தவே மாட்டாயா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“எனக்கு அந்தப் பழக்கமே இல்லடி. போளூர்ல டைப்ரைட்டிங் படிச்சப்ப, அழிக்கறதுக்கு மெஷின்ல இன்னா இருந்துச்சு? ஒரு எழுத்து தப்பினாலும் பேப்பரை உருவிட்டு முதல்லேர்ந்து அடிக்கணும். பேப்பர் நம்ம காசு. தானா தப்பு நின்னு போச்சு.”

நேற்றுவரை அவள் கணினியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அது எவ்வளவு வசதியான பொறாமை. இன்று அவள் விரல்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கணினியில் கோளாறு சரியாகிவிட்டது என்பதையும் எழுதுகிறேன். விசைப்பலகைப் பக்கத்தில், பேக்ஸ்பேஸை அழுத்தினால் எந்தக் குறியை அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு இரண்டு தெரிவுகள். திருப்பத்தூரில் உள்ள பழைய கணினிக்கு மற்றதுதான் வேண்டியிருந்தது. மாற்றினேன், சேமித்தேன், இணைப்பைத் துண்டித்து மறுபடி நுழைந்தேன். அழிந்தது. புதன்கிழமையே அந்த வரியைப் பார்த்தேன். பூவிழியிடமும் அப்படியே இருந்ததால் தாண்டிப் போய்விட்டேன். திருப்பத்தூர் கணினிக்கு எது வேண்டும் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அவளிடம் என்ன இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி

பூவிழியின் கணினியிலும் மாற்றிவிட்டேன்.

நல்ல மனதோடு செய்யவில்லை. என் கணக்கு இது: அழிக்க வழியில்லை என்று நினைப்பவள் தப்பு விடமாட்டாள். அழிக்கலாம் என்று தெரிந்தால் விரல் தளரும். என்னைப்போல ஆவாள்.

அவளே ஒரு தப்பைத் தட்டச் சொல்லி, விசையை அழுத்திக் காட்டினேன். எழுத்து மறைந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் இது தெரியாமல் பயந்து பயந்து அடித்தேனே என்றாள். பிறகு என் இடத்துக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பேக்ஸ்பேஸின் சத்தம் தனி, மற்ற விசைகளைவிடக் கொஞ்சம் கனமாக விழும். சற்று நேரத்தில் அவள் பக்கம் அது கேட்டது. பிறகு மறுபடி கேட்டது. வகுப்பு முடிவதற்குள் பலமுறை.

எனக்கு அது இனிமையாக இருந்தது. இப்படி எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இனிமையாகத்தான் இருந்தது.

சனி

தேர்வு புதிதாகப் பதிவதில் இல்லை. முன்பு வேலை பார்த்தவர் மருந்துப் பெயர்களைக் கண்டபடி தட்டி வைத்திருந்தாராம். அந்தப் பட்டியலைத் திறந்து தப்பான எழுத்துகளை அழித்துச் சரிசெய்ய வேண்டும். எந்தப் பதிவையும் கைவிட்டுப் புதிதாகப் போடக் கூடாது. சந்திரன் சார் இதைச் சொன்னதும் பூவிழியின் பக்கம் திரும்பினேன். நேற்று நான் கையை வைக்காமல் இருந்திருந்தால் பூவிழி முதல் வரியிலேயே நின்றிருப்பாள்.

அவள் நிற்கவில்லை. கனமான சத்தம் பக்கத்திலிருந்து விடாமல் வந்தது. எந்த எழுத்து தப்பு என்பது அவள் கண்ணுக்கு உடனே தெரிகிறது. நான் ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை சரிபார்த்தேன். சரிபார்த்ததையும் நம்பாமல் மறுபடி பார்த்தேன். நேரம் முடிந்தபோது அவள் என்னைவிட ஒரு பக்கம் முன்னே இருந்தாள். வேலை அவளுக்கு.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் சாரிடம் சொன்னாள்: “தேவா இல்லன்னா நான் இன்னிக்கி இன்னா பண்ணியிருப்பேன் சார்? அவதான் அழியறா மாதிரி பண்ணிக் குடுத்தா.” சார் என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் கடைக்குக் கிளம்பும்போது, திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் தன்னோடு வந்து உட்காரச் சொன்னாள். செட்டிங்ஸில் ஏதாவது ஆனால் அவளுக்கு ஒன்றும் புரியாதாம். பார்க்கலாம் என்றேன்.

கணினிகளை அணைக்க நான்தான் மிச்சம். அவளுடையதில் அந்த விசைப்பலகைப் பக்கத்தைத் திறந்தேன். அதே இரண்டு தெரிவுகள். பழையபடி மாற்றி வைத்தால் திங்கட்கிழமை தொப்பிகள் வரும், அவள் என்னைத்தான் கூப்பிட வேண்டும். மௌஸைப் பழைய தெரிவின் மேல் கொண்டுபோனேன்.

மாற்றவில்லை. மாற்றினால் அவள் மறுபடியும் தப்பே இல்லாமல் தட்ட ஆரம்பித்துவிடுவாள்.