ஏழு மணிச் செய்தி

விடியுமுன் பெய்த மழையில் தகரக் கூரைகள் வழுக்கின. தோளில் கேபிள் சுருளோடு ஜோஸ்பின் கூரை கூரையாகத் தாண்டினாள். முன்னால் தௌசீப், இடுக்கியைப் பல்லில் கடித்தபடி, அறுந்த முனையைத் தேடிப் போனான். எந்தச் சந்துக்கு எப்போது தண்ணீர் வரும் என்ற காலை அறிவிப்புக்குள் லைன் சரியாக வேண்டும். சந்து டிவி என்ற கேபிள் சேனலில் செய்தி வாசிப்பவளும் அவள்தான், கம்பி இழுப்பவளும் அவள்தான்.

மும்பைக் கலவர வருஷத்தில் தாராவியில் பிறந்த சேனல் அது. வதந்தியே ஆளைக் கொன்ற நாட்களில், தோல் பட்டறைத் தொழிலாளிகள் ஒரு பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாகப் போனார்கள். செத்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர்களின் முகங்களை உயிரோடு காட்டினார்கள். அப்படி ஊர் கூடி வளர்த்ததை, இப்போது சேனலை நிர்வகிக்கும் டிரஸ்டின் தலைவர் பத்ரி தன் சொந்தக் கடைபோல நடத்தினார்.

தௌசீப் அறுந்த முனையைப் பிடித்தான். அது ஒரு மின்கம்பியோடு உரசிக் கிடந்தது. "அக்..." என்றான். முழுதாகக் கூப்பிடவில்லை. உடல் விறைத்து, சரிவில் உருண்டு, சந்துக்குள் விழுந்தான்.

மதியம் பத்ரி ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"பிழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்லியாச்சு. ஏழு மணி நியூஸ்ல வாசி. அவன் நம்ம ஆளு இல்ல, தானா ஏறி விழுந்தான். அவ்வளவுதான்."

"நீங்க அனுப்பித்தான ஸார் ஏறினான்? ரப்பர் கையுறை கேட்டு மூணு தடவ எழுதிக் குடுத்தோமே."

"அதெல்லாம் கிழிச்சாச்சு. நீ குடியிருக்கிற கோலி, அந்த ரூம், யாரோடது ஜோஸ்பின்?"

"உங்களோடதுதான்."

"யாத் ரக்கோ. மறந்துராத."

அவர் போய்விட்டார். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது?

"வாசிச்சிருங்க அக்கா. நமக்கு எதுக்கு இந்த வம்பு, லஃப்டா?" என்றான் ஒளிபரப்பு சுவிட்சைப் பார்த்துக்கொள்ளும் பைசான். பிறகு தலையைச் சொறிந்தான். "நாளைக்கு அந்தக் கூரையில நான்தான ஏறணும்..."

கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த இருதயமேரி நிமிர்ந்தாள். "யாருமே ஏறலைன்னா?"

ஏழு மணிக்கு ஜோஸ்பின் கேமரா முன் உட்கார்ந்தாள். பத்ரி சொன்னதை எழுதிய காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"காலையில விழுந்த தௌசீப் நம்ம சேனல் தொழிலாளி. பத்து வருஷமா. கையுறை கேட்டோம், டிரஸ்ட் தரல. அது வர்ற வரைக்கும் நாங்க யாரும் கூரை ஏற மாட்டோம்."

போன் அலறியது. பைசான் எடுக்கவில்லை. ஒளிபரப்பு சுவிட்சை அணைக்கவும் இல்லை. அடுத்த நிமிடம் மின்சாரம் போனது. கீழே மெயினை யாரோ அணைத்துவிட்டார்கள்.

இருட்டில் இரும்புப் படி அதிர்ந்தது. பத்ரியின் ஆட்கள்! இருதயமேரி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டாள். பைசான் ஸ்டாண்டைத் தூக்கினான்.

"ஏட்டி, அடிச்சிராதீய! நாங்கதான்."

இட்லிக்கடை ஆறுமுகத்தாயின் குரல். அவள் பின்னால் மூன்று சந்துகளின் கேபிள்காரர்கள், பட்டறைப் பெண்கள், தௌசீபின் அண்ணன். படி நிறைய ஆட்கள்.

"ஸ்டுடியோவப் பூட்ட பூட்டோட பத்ரி ஆளுக நாலு பேரு கீழ நிக்கானுவ," என்றாள். "ஏறி வர வழியில்ல அவனுவளுக்கு. நாங்க இப்படியே உக்காந்துக்கிடுதோம்."

"எனக்குப் பயமாத்தான் இருக்கு யக்கா," என்றாள் ஜோஸ்பின்.

"எங்களுக்கு மட்டும் இல்லியா? தள்ளி உக்காரு, இன்னும் ஆளு வருது."