பாதியில் நின்று யோசிக்கும் கீல்

எட்டு வயதில் வானத்தைப் பார்த்து வாயடைத்து நின்றேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய், எட்டு வயதில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அலமாரிக் கதவை, திறப்பதும் மூடுவதும், மூடுவதும் திறப்பதும், அம்மா வந்து முதுகில் ஒன்று வைக்கும்வரை... ஆனால் லேப்டாப் திரையில் அந்தக் கட்டம் மட்டும் இன்னும் காலி. இந்த ஆராய்ச்சியைச் செய்ய ஏன் விரும்புகிறீர்கள்? கேள்விக்குக் கீழே அந்தச் சின்னக் கோடு மின்னுகிறது, மறைகிறது, மின்னுகிறது, சொல்லு சொல்லு என்று யாரோ மேசையை விரலால் தட்டுவதுபோல. மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, மதிப்பெண், பேராசிரியையின் பரிந்துரை, மூன்று வருடத்தில் என்னென்ன செய்யப்போகிறாள் என்ற திட்டம், எல்லாம். விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சி உதவித்தொகை, இன்று மாலை ஐந்து மணியோடு சரி. கிடைத்தால் இதே லேபில் இதே மேசையில் மூன்று வருடம் உட்காரலாம், கிடைக்காவிட்டால் சமையலறை அலமாரிகளுக்குக் கீல் செய்கிற கம்பெனி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, நல்ல கம்பெனிதான், அடித்துச் சாத்தினாலும் சத்தம் போடாமல் மெல்ல மூடிக்கொள்ளும் கதவுகள்... அதுவும் ஒன்றும் மோசமில்லை என்று நினைத்துப் பார்த்தாள், நினைப்பு மேலே போகவில்லை. கூடப் படிக்கிறவன் போன வருடம் இதே கட்டத்தில், மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் எண்ணியதை எழுதி உதவித்தொகை வாங்கிவிட்டான், அன்றிலிருந்து லேபில் அவன் பெயரே நட்சத்திரம், அவன் வளர்ந்த கட்டிடத்தில் மாடிக்கு எப்போதும் பூட்டுத் தொங்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். "கதவைப் பத்தியெல்லாம் எழுதிடாத, தச்சு வேலைக்கு அப்ளை பண்றேன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று காலையில்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

இன்னும் கொஞ்சம் குளிரணும் என்றார் ஸ்வெட்டர் அண்ணா, குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தப் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றாதவர். குளிரட்டும், அவசரமில்லை, இல்லை, அவசரம்தான், ஆனாலும் இந்தக் காத்திருப்பு அவளுக்குப் பிடித்திருந்தது, பம்பின் தணிந்த உறுமல், பெட்டியின் விளிம்பில் பூத்துக்கொண்டிருக்கும் வெண்பனி, பாதி குடித்து ஆறிப்போன காபி, யாரும் எதுவும் கேட்காத மதியம். பெட்டிக்குள் இருப்பது அவளுடைய கீல், உள்ளங்கையில் அடங்கிவிடும், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு கதவளவு பேனல், செயற்கைக்கோளில் வைக்கும் சோலார் பேனலின் மாதிரி வடிவம். மடித்து அனுப்பும் பேனல் மேலே போனதும் விரியவேண்டும், ஒரே ஒரு முறை, விரியாவிட்டால் யாரும் போய்த் தட்டிவிட முடியாது. அங்கே அதற்கு எடை இல்லை, இங்கே இருக்கிறது, அதனால் கூரையில் தண்டவாளம்போல ஒரு வளைந்த ரயில், ரயிலில் ஓடும் சின்னச் சக்கரம், சக்கரத்திலிருந்து நூல், நூலில் பேனல். எடையை நூல் வாங்கிக்கொள்கிறது, கீல் தான் வானத்தில் இருப்பதாக நம்பிக்கொள்கிறது, ஏமாற்றுத்தான், ஆனால் என்ன அன்பான ஏமாற்று... தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றிக்கொள்வதுபோல. எல்லாம் நன்றாகத்தான் போகும், கடும் குளிரில் மட்டும் சில முறை, எப்போதும் இல்லை, பாதி விரிந்ததும் பேனல் நின்றுவிடும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். பிறகு தானாகவே நகர்ந்து, முழுக்க விரிந்து, டக்கென்று பூட்டிக்கொள்ளும். வாசல்வரை போய், எதையோ மறந்துவிட்டோமே என்று நின்று யோசித்து, சரி போகட்டும் என்று கிளம்புகிற ஆளைப் போல. ரயிலில் சக்கரம் சிக்குகிறது, அவ்வளவுதான் என்றார் பேராசிரியை, விண்வெளியில் ரயிலே கிடையாது, ஆகவே அது ஒரு பிரச்சினையே இல்லை, கீலில்தான் கோளாறு என்று காட்ட முடிந்தால் எழுது, முடியாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்காதே, படிக்கிறவர்கள் ஒரு ரயிலைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாத லேப் என்று ஒதுக்கிவிடுவார்கள். நியாயம்தான். அதனால்தான் நேற்று அவளும் ஸ்வெட்டர் அண்ணாவும் ஏணி போட்டு ஏறி ரயிலை ஒரு சாண் நகர்த்தி மாட்டினார்கள், நிற்கிற இடமும் கூடவே நகர்ந்தால் குற்றம் ரயிலுடையது, பழைய கோணத்திலேயே நின்றால் கீலுடையது. கீலுடையதாக இருக்கவேண்டும். அப்படியானால் கட்டம் தானாக நிரம்பிவிடும்.

கட்டம் நிரம்புவது இருக்கட்டும், கதவு... வீட்டுக் குளியலறைக் கதவுக்கும் இதே குணம், மூடப்போகும்போது முக்காலில் சிக்கிக்கொள்ளும், பிடியைச் சற்றே தூக்கித் தள்ளவேண்டும், வீட்டில் எல்லாருக்கும் கை பழகிவிட்டது, தூக்கத்தில் எழுந்து போனாலும் கை தானாகத் தூக்கும். பழகாதவர்கள்தான் பாவம். அக்காவின் கணவர் கல்யாணமான புதிதில் உள்ளே மாட்டிக்கொண்டு, கூப்பிடக் கூச்சப்பட்டு, தொண்டையை மட்டும் செருமிக்கொண்டே இருந்தார், மாப்பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அம்மா சுக்குக் கஷாயம் வைக்கவே போய்விட்டாள், அப்பாவுக்குத்தான் விளங்கியது, "பிடியத் தூக்கி இழுங்க மாப்பிள்ள" என்று பேப்பரிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். ராக்கெட்டுக்கெல்லாம் கதவு வைக்கிறா, நம்ம வீட்டுக் கதவுன்னா மட்டும் ஞாயித்துக்கிழமை பாக்கறேங்கறா, இதுவும் அப்பாதான், வருகிறவர் போகிறவரிடமெல்லாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்க்கத்தான் செய்தாள், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, காதை மரத்தில் ஒட்டி, மெல்ல மூடுவாள், திறப்பாள், மூடுவாள், எங்கே சிக்குகிறது, மேலேயா, கீழேயா, மழை நாளில் ஏன் வேறு மாதிரி... மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது ஸ்க்ரூ டிரைவர் போட்டது போட்டபடி இருக்கும். சோம்பேறித்தனமா? அப்படியும் சொல்லலாம். ஆனால் சோம்பேறிகளுக்கு இவ்வளவு சந்தோஷமாகவா இருக்கும்?

"ரெடிம்மா" என்றார் ஸ்வெட்டர் அண்ணா. கேமராவை ஓடவிட்டாள், கோணம் காட்டும் எண்கள் திரையில் வந்தன, அவர் கொக்கியை விடுவித்தார். பேனல் கிளம்பியது. மெதுவாக, நூல் நடுங்காமல், மேலே சக்கரம் கிசுகிசுத்துக்கொண்டு... கால்வாசி, இதோ, இன்னும் கொஞ்சம், இதோ அந்த இடம், நில்லு, நில்லு என்று அவள் உதடு அசைந்தது, பேனல் அந்தக் கோணத்தைத் தாண்டியது, சரி, அப்படியானால் ஒரு சாண் தள்ளி, ரயில் சிக்கும் இடத்தில், அங்கேயாவது நிற்கும், அதையும் தாண்டியது, ஒரு தயக்கமும் இல்லாமல், தண்ணீரில் போகிற தோணி மாதிரி போய் டக்கென்று பூட்டிக்கொண்டது. இவ்வளவு ஒழுங்காக அது ஒருநாளும் விரிந்ததில்லை. "சூப்பரா வந்துடுச்சு" என்று கை தட்டினார் அவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது தட்டலைப் பாதியில் நிறுத்தினார். "என்னம்மா, நல்லாத்தானே திறந்துச்சு? யாரோ செத்துப்போன மாதிரி நிக்கற?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லாத்தான் திறந்தது. செய்த பொருள் கெட்டுப்போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற பொறியாளரை யாராவது பார்த்திருக்கிறார்களா... இப்போது ரயிலும் இல்லை, கீலும் இல்லை, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, கட்டம் காலி. நட்சத்திரம் எண்ணத்தான் வேண்டும்போல, கண்ணை மூடிக்கொண்டு நாலு வரி, பூட்டிய மாடியிலிருந்து அவனால் எண்ண முடிந்ததென்றால் அவளால் முடியாதா?

அப்போதுதான் அம்மாவின் போன். அப்ளிகேஷனை அனுப்பியாயிற்றா, சாப்பிட்டாயிற்றா, எல்லாம் ஒரே மூச்சில், பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்தது, "அப்பா தச்சரக் கூட்டிட்டு வந்து அந்தக் கதவச் சரி பண்ணிட்டாரு. இப்ப ஒரு விரலால தள்ளினாப் போதும், வெண்ணெய் மாதிரி மூடுது."

"எந்த இடத்துல சிக்கிச்சுன்னு சொன்னாராம்மா?"

"சிக்கறதுதான் போயிடுச்சே. அது எந்த இடமா இருந்தா என்ன?"

"மேல சீவினாரா, கீழ சீவினாரா?"

"நான் என்ன பக்கத்துல நின்னு வேடிக்கையா பாத்துட்டிருந்தேன், அடுப்புல வேலை இருந்துச்சு. நீ மொதல்ல அத அனுப்புற வழியப் பாரு."

போனை வைத்துவிட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். சீவிய மரத்தூளை இந்நேரம் பெருக்கித் தள்ளியிருப்பார்கள், அதைப் பார்த்திருந்தாலாவது எந்தப் பக்கம் என்று ஒரு ஊகம்... ஒரு கதவுக்கா இந்தப் பாடு, அப்பா நல்லதுதானே செய்தார், இனி வருகிற மாப்பிள்ளைகள் யாரும் தொண்டையைச் செரும வேண்டியதில்லை. ஆனால் இனி அது தெரியவே தெரியாது. சரியாகிவிட்டது, தெரியாமலே சரியாகிவிட்டது. அவள் விரல்கள் கீபோர்டின்மேல் இருந்தன, எப்போது போயின என்று தெரியவில்லை. என்னுடைய கீல் கடும் குளிரில் சில முறை பாதியில் நிற்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கீலா, அதைத் தாங்கும் ரயிலா என்று இன்று சோதித்தேன், இன்று அது நிற்கவே இல்லை. மேலே போனபின் நிற்குமா என்றும் தெரியாது. அது எங்கே, ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளும்வரை என்னால் வேறு எதையும் நிம்மதியாகச் செய்ய முடியாது. சிறுவயதில் நான் வானத்தைப் பார்த்ததில்லை, கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்தாள். பேராசிரியை தலையில் கை வைப்பார். நட்சத்திரம் தச்சரே என்று கூப்பிடத் தொடங்குவான். கூப்பிடட்டும், கெட்ட பெயரா அது? அலமாரிக் கம்பெனிக்கு என்ன பதில் எழுதுவது என்று நாளைக்குப் பார்க்கலாம். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள், பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை, பம்பு உறுமிக்கொண்டிருந்தது, எழுந்து போய் அந்த ஆறிய காபியையே குடித்தாள், நன்றாகத்தான் இருந்தது.

ஸ்வெட்டர் அண்ணா பேனலை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார், யாரும் சொல்லவில்லை, அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "பெட்டி இன்னும் குளிராத்தான் இருக்கு, இன்னொரு தடவ விட்டுப் பாப்போமா? உன் மொகத்தப் பாத்தாப் பாவமா இருக்கு." விடுங்க அண்ணா என்றாள். கொக்கி விலகியது, பேனல் கிளம்பியது, சக்கரம் கிசுகிசுத்தது, இனி அனுப்பிவிட்ட விண்ணப்பத்துக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, நின்றாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான், ஆனாலும் அந்த இடம் நெருங்க நெருங்க மூச்சு தானாக நின்றுகொண்டது, கை மெல்ல மேலே எழும்பியது, இல்லாத பிடி ஒன்றைத் தூக்குவதுபோல... நிற்பதற்கா, போவதற்கா, எதற்காகத் தூக்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.