நாலு ஸ்பூன் பிசின்

முடிதிருத்தும் கடைக்காரருக்குக் கத்திரியைவிட நாக்குதான் கூர்மை. நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறப்பதற்குள் இவர் மூன்று கதை முடித்திருப்பார். தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்றே பெயர். எதிர்ச்சாரியில் புதுக்கடை வந்ததும் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள். இருபது வருடமாக வந்துகொண்டிருந்த கணக்கு வாத்தியாரே மூன்று மாதமாக எட்டிப்பார்க்கவில்லை. மற்றவர்கள் போனால் போகட்டும், அவர் போனதைத்தான் ரேடியோவால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பல்செட்தான் என்று அவராகவே முடிவு கட்டினார். "பேசும்போது டகடகன்னு ஆடுது. எவன் வந்து உக்காருவான்?" என்று மனைவியிடம் புலம்பினார்.

அவள் ஐஸ்கிரீம் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்பவள். ஒரு டப்பாவை நீட்டினாள். "மரத்துல வடியிற பிசினு, பொடி பண்ணது. ஐஸ்கிரீம் கெட்டியா நிக்க இதைத்தான் போடுறோம். பல்செட் ஒட்டவும் இதேதான்னு பல் டாக்டர் சொன்னாரு. ஒரு சிட்டிகை போதும். ஈரம் பட்டா உப்பும், பாத்துக்கோங்க."

சிட்டிகை என்பதெல்லாம் அவருக்குச் சரிப்படுமா? பேச்சிலும் அளவில்லை, பொடியிலும் அளவில்லை. மேலே இரண்டு ஸ்பூன், கீழே இரண்டு ஸ்பூன் கொட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தார். கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு வாயைத் திறக்கப் பார்த்தால், மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்றைக்கென்று பார்த்தா கணக்கு வாத்தியார் வரவேண்டும்!

"எதிர்க்கடை இன்னைக்கு லீவு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரேடியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதத்துப் பேச்சு தொண்டையில் வரிசை கட்டி நிற்கிறது. "ம்" என்றார். ஒட்டிப்போன வாயைத் தொட்டுக் காட்டிவிட்டுத் துணியைப் போர்த்தினார். "ம்ம்."

வாத்தியார் கண்ணாடியில் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். பாதித் தலை முடியும்வரை காத்திருந்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"வீட்டுக்காரிக்குக் கண்ணு போயிட்டே இருக்கு. நான் பேப்பர் படிச்சுக் காட்டுறேன். பாதில எனக்கே தொண்டை அடைக்குது." சற்று நிறுத்தினார். "இதை ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் வருவேன். நீங்க எங்க விட்டீங்க?"

கத்திரி நின்றது. அந்தத் தலையின் ஒவ்வொரு சுழியும் ரேடியோவுக்கு அத்துப்படி. அதற்குள் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "ம்" என்றார் மறுபடியும், வாத்தியார் தோளில் கை வைத்து.

மாலையில் வெந்நீரை ஓரமாக உறிஞ்சி உறிஞ்சித்தான் பல்செட் கழன்றது. "ஒங்க வாயென்ன ஐஸ்கிரீம் தொட்டியா?" என்று மனைவி வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த மாதம் வாத்தியார் வந்தபோது எதிர்க்கடை திறந்துதான் இருந்தது. ரேடியோ அன்று போட்டிருந்தது சரியாக ஒரு சிட்டிகை. பல் ஆடவில்லை, வாய் தாராளமாகத் திறந்தது. எதிர்க்கடைக்காரன் ஒருத்தனுக்குப் பாதி மீசையை வழித்துவிட்ட கதை வேறு நாக்கு நுனியில் துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, வாய் சரியாயிடுச்சா?" என்றார் வாத்தியார்.

ரேடியோ தன் வாயைத் தொட்டுக் காட்டி, இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது என்று சோகமாகக் கையை விரித்தார். பிறகு துணியைப் போர்த்திவிட்டு, "ம்?" என்றார்.